கிளவுட் ஈஆர்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு, கொள்முதல், ஸ்டாக், விற்பனை, உற்பத்தி என்று ஒரு நிறுவனத்தின் வேலைகளை ஒரே இடத்தில் பதிந்து நடத்துகிற மென்பொருள் ஈஆர்பி. அதைச் சொந்த சர்வரில் போடாமல், இணையம் வழியாகச் சந்தா கட்டிப் பயன்படுத்தினால் அது கிளவுட் ஈஆர்பி. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு விழிப்பவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விற்க வருபவர் சொல்லாமல் தாண்டிப்போகும் இடங்களில் கூடுதலாகவே நின்றிருக்கிறேன்.

கணக்கு மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ஈஆர்பி எதற்கு?

கணக்கு மென்பொருளுக்கு எல்லாமே நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். பில் வந்தது, பதிந்தோம். பணம் கட்டினோம், பதிந்தோம். அந்தப் பில்லுக்கான சரக்கு முழுவதும் வந்து சேர்ந்ததா, யார் கேட்டு வாங்கியது, பேசிய விலை என்ன என்பதெல்லாம் ஒருவரின் எக்செல்லில், இன்னொருவரின் மெயிலில், ஸ்டோர் கீப்பரின் நோட்டில் சிதறிக் கிடக்கும். ஈஆர்பியில் இவை எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஸ்டோரில் சரக்கை வரவு வைத்த உடனேயே கணக்கில் அதன் மதிப்பு ஏறிவிடும். யாரும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

இதன் வேர் 1960களின் தொழிற்சாலைகளில் இருக்கிறது. எந்தப் பாகம், எப்போது, எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட எழுதப்பட்ட எம்ஆர்பி (மூலப்பொருள் தேவைத் திட்டமிடல்; பாக்கெட்டில் அச்சிடும் விலை அல்ல) மென்பொருள்கள்தான் இதற்கு முன்னோடி. பிறகு கணக்கு, மனிதவளம், விற்பனை எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. 1990ல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இந்தக் கூட்டுக்கு ஈஆர்பி என்று பெயர் வைத்தது. எம்ஆர்பி காலத்துக் குணம் இன்னும் போகவில்லை: கையிருப்பு எண்ணிக்கை தப்பாக இருந்தால் அதன் பிறகு வருகிற எல்லாமே தப்பாக இருக்கும்.

கிளவுட் என்கிறார்கள். எங்கள் டேட்டா உண்மையில் எங்கே இருக்கிறது?

விற்பவரின் டேட்டா சென்டரில் இருக்கும். அல்லது அவர் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களிடம் எடுத்திருக்கும் வாடகை இடத்தில் இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: மென்பொருளைப் பலரோடு பகிர்ந்துகொள்கிறீர்களா, உங்களுக்கென்று தனியாகவா?

பகிர்ந்துகொள்ளும் முறையில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே மென்பொருளில் இயங்கும். ஒருவர் டேட்டா இன்னொருவருக்குத் தெரியாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். 1998ல் தொடங்கி 2016ல் ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போன நெட்சூட் இந்த முறையில் முன்னோடிகளில் ஒன்று. இதில் அப்டேட் தானாக வந்து சேரும், ஆனால் மென்பொருளின் உள்ளே கைவைக்க முடியாது. தனி முறையில் மென்பொருள் உங்களுக்கு மட்டும். அது ஓடுகிற சர்வர்தான் கிளவுடில் இருக்கும். இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பராமரிப்பும் செலவும் கூடும். விற்பனைப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அப்படியே, டேட்டா எந்த நாட்டில் வைக்கப்படும் என்பதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களின் தனிப்பட்ட விவரங்களைக் கையாண்டால் 2018 மே முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகள் உங்களையும் பிடிக்கலாம், நீங்கள் எங்கிருந்தாலும்.

அன்றாட வேலையில் இது எப்படிப் பயன்படுகிறது? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஒரு தொழிற்சாலைக்கு 500 கிலோ எஃகுக் கம்பி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்திப் பிரிவு கணினியில் கேட்பு போடுகிறது. மேலாளர் போனிலேயே பார்த்து அப்ரூவல் தருகிறார். கொள்முதல் பிரிவு அதை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலையில், பர்ச்சேஸ் ஆர்டராக மாற்றி சப்ளையருக்கு அனுப்புகிறது. இதுவரை பணம் எதுவும் நகரவில்லை. ஆனால் இவ்வளவு செலவு வரப்போகிறது என்று அந்தப் பிரிவின் பட்ஜெட்டில் அப்போதே குறித்தாகிவிட்டது.

லாரி வருகிறது. எடை போட்டால் 480 கிலோ. ஸ்டோர் கீப்பர் அந்த ஆர்டரைத் திறந்து 480 என்று வரவு வைக்கிறார். அதே நொடியில் ஸ்டாக் 480 கிலோ ஏறுகிறது, அதன் மதிப்பு கணக்கில் ஏறுகிறது. பில் இன்னும் வராததால் எதிர்ப்பக்கம் ‘சரக்கு வந்தது, பில் வரவில்லை’ என்ற இடைக்கணக்கில் போய் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து 500 கிலோவுக்குப் பில் வருகிறது. கணக்குப் பிரிவு அதைப் பதியும்போது ஆர்டர் 500, வரவு 480, பில் 500 என்று மூன்றையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்து, பணம் கட்டவிடாமல் நிறுத்திவிடும். சப்ளையர் 20 கிலோவுக்கு வரவுச்சீட்டு (கிரெடிட் நோட்) தர வேண்டும், அல்லது மீதிச் சரக்கை அனுப்ப வேண்டும். அதுவரை அந்தப் பில் நகராது.

இதைத்தான் மும்முனை ஒப்பீடு என்பார்கள். ஈஆர்பி தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிற இடங்களில் இதை முதலாவதாக வைப்பேன். வராத சரக்குக்குப் பணம் போவது, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவது, பேசிய விலைக்கு மேல் பில் போடுவது எல்லாம் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அந்த இடைக்கணக்கை மறந்துவிடாதீர்கள். மாதக் கடைசியில் அதைத் திறந்து பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் ஒழுங்கு தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு முந்தைய வரவுகள் அதில் தேங்கிக் கிடந்தால், யாரோ ஆர்டரைப் பார்க்காமல் நேரடியாகப் பில்லைப் பதிந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

விற்பனைப் பக்கமும் இதே மாதிரிதான். ஆர்டர் வந்ததும் வாடிக்கையாளரின் கடன் வரம்பு மீறுகிறதா, கையில் சரக்கு இருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கும். சரக்கு கிளம்பியதும் இன்வாய்ஸ், இன்வாய்ஸிலிருந்து லெட்ஜர், லெட்ஜரிலிருந்து வரவேண்டிய பாக்கிப் பட்டியல்.

உற்பத்தியே இல்லாத நிறுவனத்துக்கும் இது வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். ஆலோசனை, கட்டுமானம், மென்பொருள் சேவை போன்ற தொழில்களில் ஸ்டாக்குக்குப் பதில் ஆட்களின் நேரம்தான் சரக்கு. யார் எந்த புராஜெக்டில் எத்தனை மணிநேரம் வேலை பார்த்தார், அதில் எவ்வளவுக்குப் பில் போடலாம், புராஜெக்ட் லாபத்தில் போகிறதா என்பதைப் பார்க்க இது உதவும். வெறும் கணக்கும் சம்பளமும்தான் என்றால் இவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டாம்.

எக்செல்லிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதே, எப்போது மாற வேண்டும்?

ஆள் எண்ணிக்கையையோ விற்பனைத் தொகையையோ வைத்து இதைச் சொல்ல முடியாது. சில அறிகுறிகளைப் பாருங்கள். கணக்குப் பிரிவு சொல்லும் ஸ்டாக்கும் குடோன் சொல்லும் ஸ்டாக்கும் ஒவ்வொரு மாதமும் வேறாக இருக்கிறது. போன மாத லாப நட்டம் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் கைக்கு வருகிறது. ஒரு குறிப்பிட்ட ஊழியர் லீவு போட்டால் பாதி விவரம் யாருக்கும் தெரியாமல் போகிறது. இரண்டாவது கிளையோ இரண்டாவது நிறுவனமோ வந்துவிட்டது, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கக் கையால் கூட்ட வேண்டியிருக்கிறது.

இதில் எதுவும் இல்லையென்றால் எக்செல்லை விரட்ட அவசரப்பட வேண்டாம். ஈஆர்பி வந்த பிறகும் அது போகாது, அது வேறு விஷயம்.

செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சந்தா பெரும்பாலும் யூசர் எண்ணிக்கையை வைத்து, மாதத்துக்கோ வருடத்துக்கோ. எல்லா யூசரும் ஒன்றல்ல: எல்லாவற்றையும் திறக்கிற முழு யூசருக்கு ஒரு விலை, அப்ரூவல் மட்டும் தருபவருக்கோ வேலைநேரம் மட்டும் பதிபவருக்கோ குறைந்த விலை. சிலர் பதிவுகளின் எண்ணிக்கையையோ வருமானத்தையோ வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் இணைய விற்பனைத் தளமோ தானியங்கிக் கருவியோ ஈஆர்பியில் பதிவு போட்டால் அதற்கும் தனியாகக் கட்டணம் உண்டா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பிறகு சண்டை வருகிற இடம் இது.

ஆனால் சந்தாத் தொகையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். நிறுவித் தரும் கன்சல்டன்ட், டேட்டா மாற்றம், மற்ற மென்பொருள்களோடு இணைப்பு, பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்து முதல் வருடச் சந்தாவைத் தாண்டிப் போவது சகஜம். அதோடு உங்கள் ஆட்களின் நேரம். நல்ல ஊழியர் ஒருவரைப் பல மாதம் இந்த வேலையில் உட்கார வைத்தால் அவருடைய பழைய வேலையை யார் பார்ப்பது? எந்தக் கொட்டேஷனிலும் இந்தச் செலவு இருக்காது.

கணக்காளர்களுக்கு ஒரு விஷயம். சொந்த சர்வரும் லைசென்ஸும் வாங்கினால் அதைச் சொத்தாக வைத்துத் தேய்மானம் போடலாம். கிளவுட் சந்தாவில் அப்படி இல்லை. மென்பொருளை உங்கள் தேவைக்கு அமைத்துக்கொள்ளும் செலவையும் பெரும்பாலும் அந்தந்தக் காலத்துச் செலவாகவே எழுத வேண்டும் என்று ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2021ல் சொல்லிவிட்டது. சர்வதேசக் கணக்கியல் தரத்தைப் பின்பற்றுபவர்களுக்கு முதல் வருட லாபத்தில் இது அடிக்கும். இயக்குநர் குழுவிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

ஒரே நாளில் மாற்றினால் இரண்டு மென்பொருளை இணைத்து ஓட்டும் தற்காலிகத் தொல்லை இல்லை. ஆனால் தவறு நடந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். படிப்படியாகப் போனால் ஆபத்து குறைவு, இழுபறி அதிகம். சிறிய நிறுவனம், ஒரே இடம் என்றால் முதல் வழி சரிவரும். பல கிளைகள் இருந்தால் ஒரு கிளையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

எப்போது என்பது இதைவிட முக்கியம். அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, நான்கு வருடம் தேவைப்படும் என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில் புதிய அமைப்புகளை ஒன்றாக ஓடவிட்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்குகிற நேரம் அது. குடோனில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. அது கிளவுட் காலத்துக்கு முந்தைய கதைதான். ஆனாலும் சீசன் நேரத்தில் கோ-லைவ் (புதிய மென்பொருளில் வேலையைத் தொடங்குவது) வைப்பவர்களுக்கு இன்றும் அது பொருந்தும். நிதியாண்டின் முதல் நாள் கணக்குக்கு வசதியாக இருக்கலாம். குடோனுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டேட்டா முழுவதையும் கொண்டுபோக வேண்டுமா?

வேண்டாம். வீடு மாறும்போது பரணில் கிடந்ததையெல்லாம் லாரியில் ஏற்றினால் புது வீட்டுப் பரணும் முதல் நாளே நிரம்பிவிடும். பொதுவாகக் கொண்டுபோக வேண்டியவை: பொருள், வாடிக்கையாளர், சப்ளையர் பட்டியல்கள், முடியாத ஆர்டர்கள், வரவேண்டிய, தரவேண்டிய பாக்கிகள், கையிருப்பு, ஓப்பனிங் பேலன்ஸ். முடிந்துபோன பழைய பதிவுகளைப் படிப்பதற்கு மட்டும் திறக்கும்படி தனியாக வைத்துவிடலாம். சட்டப்படி எத்தனை வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டுமோ அவ்வளவு காலமும் அது திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வேலை அந்தப் பட்டியல்களில் இருக்கிறது. ஒரே சப்ளையர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக இருப்பார். ஒரே போல்ட்டுக்கு நான்கு குறியீட்டு எண் இருக்கும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஸ்டாக் இருக்கும். மோசமானது அலகு. பழைய மென்பொருளில் ஒரு பொருள் ‘பெட்டி’ என்று வாங்கப்பட்டு ‘எண்ணிக்கை’ என்று விற்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியில் எத்தனை என்பது ஸ்டோர் கீப்பரின் மனதில் இருக்கும். அதைக் கேட்காமல் டேட்டாவை ஏற்றினால், 40 பெட்டி 40 போல்ட்டாக மாறும். மறுநாள் மென்பொருள், ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று கருதி, கொள்முதலுக்குப் பரிந்துரை அனுப்பிக்கொண்டே இருக்கும். கணக்குப் பிரிவு சரியாகத்தான் ஏற்றினோம் என்று சொல்லும், பதிவுகளின் எண்ணிக்கை பொருந்துகிறதே என்று காட்டும். எண்ணிக்கை பொருந்துவது போதாது. மொத்த மதிப்பு பொருந்த வேண்டும், சில பொருள்களைக் குடோனுக்கே போய் எண்ணியும் பார்க்க வேண்டும்.

ஒத்திகை ஏற்றம் குறைந்தது இரண்டு முறையாவது செய்யுங்கள். முதல் முறை எல்லாமே உடையும், அது வழக்கம்தான். இரண்டாவது முறையும் அதே இடத்தில் உடைந்தால் கோ-லைவ் தேதியைத் தள்ளிவையுங்கள். சுத்தம் செய்யும் பொறுப்பைக் கன்சல்டன்ட் தலையில் கட்டாதீர்கள். எந்தப் போல்ட் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வேலைமுறைக்கு ஏற்றபடி மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம்தானே?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் பணம் விழுங்குவது இதுதான்.

அமைப்பது வேறு, மாற்றியெழுதுவது வேறு. அப்ரூவல் யாரிடம் போக வேண்டும், எந்தத் தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும், இன்வாய்ஸ் வடிவம் எப்படி என்பதெல்லாம் அமைப்பது. மென்பொருளே அதற்கு இடம் வைத்திருக்கும். அது செய்யாத ஒன்றைச் செய்யவைக்கத் தனியாக நிரல் எழுதினால் அது கஸ்டமைசேஷன். எழுதும்போது ஒரு முறை செலவு, பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சோதித்துப் பார்க்க மறுபடி செலவு.

ஐரோப்பிய சில்லறை நிறுவனமான லிடில் 2011ல் எஸ்ஏபி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஈஆர்பியை நிறுவத் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018ல் கைவிட்டது. செய்திகளில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது இது: லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைத்துப் பழகியது, மென்பொருளின் வழக்கமான முறை விற்பனை விலை. நிறுவனம் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் சரக்கின் மதிப்பு என்பது ஈஆர்பியில் தொடாத இடமே கிடையாது.

முழுக்கக் கிளவுடிலேயே நடந்த கதை வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரசபை. 1999 முதல் பயன்படுத்திவந்த எஸ்ஏபியை விட்டு 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் கிளவுட் ஈஆர்பிக்கு மாறினார்கள். பழைய வழக்கங்களைக் காப்பாற்ற நிறைய கஸ்டமைசேஷன் செய்தார்கள். அதில் வங்கிக் கணக்கோடு பதிவுகளைச் சரிபார்க்கும் பகுதி சரியாக ஓடவில்லை. வந்த பணம் எந்தக் கணக்குக்கு உரியது என்று ஆட்கள் கையால் பொருத்த வேண்டிவந்தது. சுமார் 1.9 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கியது, 2023ல் 10 கோடி பவுண்டு வரை போகலாம் என்ற மதிப்பீட்டில் வந்து நின்றது. கடைசியில், மாற்றங்களை விட்டுவிட்டு மென்பொருளை இருக்கிறபடியே மறுபடி நிறுவுவது என்று முடிவெடுத்தார்கள்.

அதற்காக எதையும் மாற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதற்குக் காரணமான வேலைமுறை ஒன்றிரண்டு இருக்கும். அதற்காக நிரல் எழுதுங்கள், அதுவும் முடிந்தவரை ஏபிஐ (வேறு நிரல்கள் வந்து இணைவதற்கு மென்பொருள் வைத்திருக்கும் வாசல்) வழியாக மென்பொருளுக்கு வெளியே. பில் பதிவதும் லீவு விண்ணப்பமும் உங்கள் தனித்துவம் இல்லை. ‘நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்று யாராவது சொன்னால் ஏன் என்று இரண்டு முறை கேளுங்கள். பல நேரம் பழைய மென்பொருளின் குறையைச் சமாளிக்க யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழியாகத்தான் அது இருக்கும். அந்த மென்பொருளே போகப்போகிறது, வழியை மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்?

இணைய இணைப்பு போய்விட்டால் வேலை நிற்குமா?

நிற்கும். எனவே வேறு வேறு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டா மூன்றாவது. விற்பனைக் கவுன்டர், குடோன் ஸ்கேனர் போன்ற இடங்களில் இணைப்பு இல்லாமலும் பதிந்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

99.9 சதவீதம் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது போதுமா?

வருடத்துக்கு 8,760 மணிநேரம். 99.9 என்றால் அதில் சுமார் 8 மணி 45 நிமிடம் வரை நின்றாலும் அவர் வாக்குத் தவறவில்லை. 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணிநேரம். முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு இந்தக் கணக்கில் சேருமா என்று பாருங்கள், பெரும்பாலும் சேராது. வாக்குத் தவறினால் கிடைப்பது அடுத்த மாதச் சந்தாவில் கொஞ்சம் கழிவு. உங்கள் வியாபார நட்டத்தை அவர் ஏற்கமாட்டார்.

இதோடு இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: பெரிய விபத்து நடந்தால் எத்தனை மணிநேரத்தில் மறுபடி இயங்கும், எவ்வளவு நேரத்துப் பதிவுகள் தொலையலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் சிலருக்கு டேட்டா திரும்பக் கிடைக்கவே இல்லை. பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த ஊரில் என்று கேளுங்கள்.

டேட்டா திருடு போகாதா?

சர்வர், நெட்வொர்க், மென்பொருள் ஓட்டைகளை அடைப்பது எல்லாம் விற்பவர் பொறுப்பு. அதில் சிறிய நிறுவனம் ஒன்று தன் அறையில் வைத்திருக்கும் சர்வரைவிட அவர்கள் நன்றாகவே செய்வார்கள். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று, வெளித் தணிக்கையாளர் தரும் எஸ்ஓசி அறிக்கை இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

யார் உள்ளே வரலாம், வந்து என்ன செய்யலாம் என்பது உங்கள் பொறுப்பு. பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பையும் எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள், முதலாளிக்கும் சேர்த்து. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூடுங்கள். கிளவுட் என்பதால் அவர் வீட்டிலிருந்தும் திறக்கலாம். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நிறுவும் அவசரத்தில் எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். குறைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்டேட் தானாக வருவது நல்லதா கெட்டதா?

பெரும்பாலும் நல்லது. ஆரக்கிளின் ஃப்யூஷன் கிளவுடில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நெட்சூட்டிலும் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365லும் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடுகள். பத்து வருடம் பழைய பதிப்பிலேயே கிடந்துவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தாவ வேண்டிய நிலை இதில் வராது. சொந்த சர்வரில் இருப்பவர்கள் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்: எஸ்ஏபி தன் பழைய பிசினஸ் சூட்டுக்கான வழக்கமான ஆதரவை 2027 இறுதியோடு முடித்துக்கொள்கிறது, கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை. கிளவுட் பேச்சு இவ்வளவு சூடுபிடித்ததற்கு அந்தத் தேதியும் ஒரு காரணம்.

சரி, கெட்டது என்ன? தேதி உங்கள் கையில் இல்லை. அப்டேட்டை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க விற்பவர் தரும் முன்னோட்டத் தளம் திறக்கும்போது உங்கள் முக்கியமான வேலைகளை, ஆர்டர் முதல் பணம் வரை, யாராவது உட்கார்ந்து ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த யாராவது யார் என்று பெயர் போட்டு வையுங்கள்.

ஊழியர்கள் பழைய எக்செல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அந்த எக்செல்லைத் திறந்து பாருங்கள். ஈஆர்பியில் கிடைக்காத ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஒரு ரிப்போர்ட், அதில் இருக்கும். அதைச் செய்துகொடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஸ்டோர் கீப்பரிடம் கேட்டால்தான் ஸ்டாக் தெரியும் என்று இருந்தபோது அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது எல்லாரும் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். அவரைத் தேர்வுக் கட்டத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்து, திரை எப்படி வேண்டும் என்று கேட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மேலிருப்பவர்கள் நடந்துகொள்வதும் சேர்ந்ததுதான். கூட்டத்தில் நிர்வாக இயக்குநரே ‘அந்த எக்செல்லை அனுப்புங்க’ என்று கேட்டால் யார் ஈஆர்பியில் பதிவார்கள்?

ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பி இலவசம்தானே?

மென்பொருள் இலவசம், வேலை இலவசம் இல்லை. ஈஆர்பிநெக்ஸ்ட் முழுவதும் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஓடூவில் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. இரண்டையுமே கிளவுடில் சந்தாவுக்கும் எடுக்கலாம், சொந்தமாகவும் நிறுவலாம். உள்ளே ஒரு நல்ல நிரலாளர் இருந்தால் நல்ல தேர்வு. அவர் ஒருவரை நம்பித்தான் எல்லாம் என்றால், விற்பவரிடம் மாட்டிக்கொள்வதற்குப் பதில் ஊழியரிடம் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஏஐ எல்லாம் சேர்ந்து வருகிறதே, அதனால் பயன் உண்டா?

பில்லின் ஸ்கேனைப் படித்துத் தானே பதிவது, வங்கிப் பதிவுகளைப் பொருத்துவது, வழக்கத்துக்கு மாறான தொகையைச் சுட்டிக்காட்டுவது போன்றவை இன்றைக்கே உபயோகமானவை. தேவையை முன்கூட்டிக் கணிப்பது உங்கள் பழைய டேட்டாவின் தரத்தைப் பொறுத்தது. பெட்டியும் எண்ணிக்கையும் குழம்பிய பட்டியலை வைத்து அதுவும் குழப்பமாகத்தான் கணிக்கும். வாங்குவதற்கு இதை முதல் காரணமாக வைக்காதீர்கள்.

நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் வெளியே வர முடியுமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டிருந்தால் முடியும். ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனை நாள் டேட்டா இருக்கும், எந்த வடிவில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, புதுப்பிக்கும்போது சந்தா அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏறலாம் ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விதி இருந்தால், வேண்டாம் என்று எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

டேட்டா தருகிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு டேட்டாவையும் இறக்கித் திறந்து பாருங்கள். பட்டியல்களும் லெட்ஜரும் ஒழுங்காக வந்திருக்கும். ஒவ்வொரு பதிவோடும் இணைத்த பில் ஸ்கேன்கள், அப்ரூவல் யார் எப்போது கொடுத்தார் என்ற வரலாறு இரண்டும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். தணிக்கையாளர் கேட்பது அவற்றைத்தான், பெரும்பாலும் விடுபட்டிருப்பதும் அவைதான்.